இறங்காத முள்

பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் கோளாறைச் சொல்லும் விதமே ஒரு ரசம். வண்டிப்பெரியாரில் நான் பட்டறை வைத்திருந்த நாளில் ஒரு லாரி டிரைவர் வந்து, "வண்டி மூக்கடைச்சுப் பேசுது" என்றார். பார்த்தால் காற்று வடிகட்டி நிறையத் தேயிலைத் தூசி. இன்னொருவர், "ஏத்தத்துல எம் மாமனார் மாதிரி இருமுது, இறக்கத்துல மாமியார் மாதிரி முணுமுணுக்குது" என்றார். இருமல் பிளக்கில் இருந்தது, முணுமுணுப்பு கியர் பெட்டியில். மனிதர் மாமனார் வீட்டை நன்றாகக் கவனித்திருக்கிறார்.

இந்தப் பேச்சுகளையெல்லாம் நான் மனதில் சேர்த்துவைத்துக்கொள்வேன். என் கூட்டாளிக்கு அது பிடிக்காது. "வண்டி பேசுததக் கேளும் வே. வண்டிக்காரன் பேசுதத எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கீரு?" என்பார்.

கூட்டாளி என்றால், பட்டறை போர்டில் என் பெயரோடு பெயர் எழுதியிருந்த செல்லையா அண்ணாச்சி. அவருடைய பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலை ஏறிய குடும்பம். அவர் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய இஞ்சினோடு வளர்ந்தவர். நான் கிழக்குப் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை. விவசாயக் குடும்பம். கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் இஞ்சினைக் கழற்றிக் கழற்றி மாட்டியதுதான் என் படிப்பு. அண்ணாச்சி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "கொழிஞ்சாம்பாறை" என்றே கூப்பிடுவார்.

அவருடைய ரோஷத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவது விளங்காது. ஒருமுறை ஒரு பஸ் முதலாளி, அண்ணாச்சி முறுக்கி முடித்த சக்கர நட்டை, சந்தேகத்துக்கு, தானும் ஒருமுறை ஸ்பானர் போட்டு முறுக்கிப் பார்த்தார். உடனே அண்ணாச்சி அந்தச் சக்கரத்தின் எல்லா நட்டையும் கழற்றி முதலாளியின் மடியில் போட்டார். "ஓம்ம கைதான் நல்ல கை. நீரே மாட்டிக்கிடும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

அந்தச் சமயத்தில் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் போன ஒருவரின் ஸ்போர்ட்ஸ் காரை, அதே தோட்டத்தில் உதவி மேலாளராக இருந்த வெங்கிட்டு என்கிற இளைஞர் வாங்கினார். பாலக்காட்டில் கல்பாத்தி அக்ரகாரம் சொந்த ஊர். தோட்ட வழக்கப்படி எல்லோருக்கும் அவர் "சின்னத்துரை".

வண்டியைப் பார்க்க பஜாரே கூடியது. இரண்டே இருக்கை. மேலே கூரை இல்லை. மூக்கு நீளம், உட்காருகிற இடம் கொஞ்சம். டீக்கடைக்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல ஏறி உக்காரணுமா, இல்ல கால்ல மாட்டிக்கிட்டு நடக்கணுமா?" என்றார். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருந்தது விளையாட்டுச் சாமான் இல்லை. மழையில் பல மாதம் ஓடாமல் நின்று இறுகிப்போன இஞ்சின். நட்டின் தலை ஒரு தேசத்து அளவு, உள்ளே இருக்கும் மரை இன்னொரு தேசத்து அளவு. கைக்குக் கிடைத்த நட்டைப் போட்டால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துப் பேர் எழுதிய டப்பாவில் போட்டு வைத்தோம். பம்பாயிலிருந்து பேரிங் வந்து சேரும்போது நவராத்திரி பிறந்துவிட்டது.

ஆயுத பூஜை விஷயத்தில் அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. பிரித்துப் போட்ட இஞ்சினைப் பூஜைக்காக அவசரமாக மூடக் கூடாது. ஒவ்வொரு பாகமும் கழுவிச் சுத்தமாகச் சாமி முன்னால் உட்கார வேண்டும். அதன்படி பிஸ்டன், வால்வு, கிராங்க் தண்டு எல்லாம் மண்ணெண்ணெயில் குளித்து, வாழையிலையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சின்னத்துரை தம் தாயாரை அழைத்து வந்திருந்தார். நவராத்திரிக்கு மகனோடு இருக்க வந்த அம்மாள். மடிசார், வைரத்தோடு, கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறையச் சந்தனம். நான் ரோட்டில் பூசணிக்காய் உடைப்பதிலும் லாரிக்காரர்களுக்குப் பொரி கொடுப்பதிலும் இருந்தேன். உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை.

விஜயதசமி அன்று வேலை தொடங்கினோம். கார்புரேட்டர்கள் என் பொறுப்பு. கிராங்க்கும் பேரிங்கும் அண்ணாச்சி கை. அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுத் தரமாட்டார். இஞ்சின் மூடி, வண்டியில் ஏறி, ஒரு காலையில் உயிர் பெற்றது. அந்தச் சத்தத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. டீக்கடைக்காரர்தான் சரியாகச் சொன்னார்: "பட்டுச் சேலைய மெல்லக் கிழிக்க மாதிரி இருக்கு."

அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று சின்னத்துரை ஒற்றைக்காலில் நின்றார். லீவு கிடைத்திருந்தது. கல்பாத்தித் தேர் நெருங்கிக்கொண்டிருந்ததால் அம்மாள் ஊர் திரும்ப வேண்டும். மலைக்காட்டில் போய்ப் பிள்ளை என்ன கண்டான் என்று கேட்ட உறவுக்காரர்கள் முன்னால் தெருவில் அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும். தாய்க்கும் மகனுக்கும் அந்த ஆசை சமமாக இருந்தது. வழி குமுளி ஏறி, அங்கிருந்து கம்பம் பக்கம் மலை இறங்கி, பழனி, பொள்ளாச்சி. அது ஐப்பசி மழைக் காலம். மதியம் தாண்டினால் குமுளி இறக்கத்தில் மேகம் உட்கார்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் இருக்கிறதா என்றே தெரியாது. அதனால் அவசரம்.

"ஒருக்கா பாலம் வரைக்கும் ஓட்டிப்போட்டு வாங்க. எண்ணெய் சூடாகட்டும்" என்றேன். சின்னத்துரை பெரியாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் குனிந்து எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன்.

முள் உச்சியில் நின்றது.

தொழில் படிக்கிற பிள்ளைகளே, முள் கீழே கிடந்தால் யாரும் பயப்படுவார்கள். மேலே நிற்கிற முள்ளைப் பார்த்து யார் பயப்படுவார்? குளிர்ந்த இஞ்சினில் அது உயரத்தான் நிற்கும். எண்ணெய் சூடாகி இளகியதும் கொஞ்சம் இறங்கி வந்து உட்கார வேண்டும். இது இறங்கவில்லை.

"அண்ணாச்சி, முள்ளு இன்னும் எறங்காம நிக்குதுங்க."

"புதுப் பேரிங் வே. இடுக்கு இல்ல, எண்ணெ ஒழுகாது, அதான் நிக்கி. நல்லா இருந்தாலும் ஒமக்குக் கொறை சொல்லி ஆவலாதியா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சத்தமும் சுத்தம். தட்டல் இல்லை, புகை இல்லை. ஆனாலும் நான் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாளை வண்டியில் ஏற்றுவதே ஒரு திருவிழாவாக நடந்தது. "ஏண்டா வெங்கிட்டு, இதுல ஏறறதா, எறங்கறதா? தரையிலே உக்கார்ற மாதிரின்னா இருக்கு!" என்றார். கூட்டம் சிரித்தது. ஒருவழியாக உட்கார்ந்து, தலையைச் சுற்றிச் சால்வையை இறுக்கிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"நீ நம்ம பாலக்காட்டுக்காரனோல்லியோ? கேட்டுக்கோ. இது இப்படி ஓடறதுக்குக் காரணம் நானாக்கும்."

"ஏனுங்கம்மா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

"அன்னிக்குப் பூஜையிலே எல்லாரும் மேலாப்பிலே சந்தனத்தைத் தெளிச்சுட்டுப் போயிட்டா. அந்த நீளமா, கோணல் கோணலா ஒரு தண்டு இருந்ததே, அதுல அங்கங்கே குட்டிக் குட்டியா ஓட்டை. பாவம், மூளியா நிக்கறதேன்னு ஒண்ணு விடாம ஒவ்வொண்ணுலயும் என் கையாலே சந்தனம் வெச்சு, நன்னா அழுத்தி, மேலே குங்குமமும் வெச்சேனாக்கும். அதான் ஓடறது!"

எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

அந்தக் கோணல் தண்டுதான் கிராங்க். அதன் வயிற்றுக்குள்ளே எண்ணெய் போகும் வழி இருக்கிறது. பிஸ்டனின் ராடு வந்து பிடிக்கும் ஒவ்வொரு கழுத்திலும் மிளகளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எண்ணெய் வந்தால்தான் பேரிங் பிழைக்கும். மீட்டருக்குப் போகும் குழாயோ கிராங்க்குக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சிய யாருக்கும் இது தெரியும். மடையை அடைத்தால் வாய்க்காலில் தண்ணீர் ஏறி நிற்கும். வாய்க்காலைப் பார்த்தால் ரொம்பி வழியும், அந்தப் பக்கம் வயல் காய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் காலையிலிருந்து வாய்க்காலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

மாட்டும்போது தடவிய எண்ணெயில்தான் அதுவரை அது ஓடியிருக்கிறது. குமுளி ஏற்றத்தில் பேரிங் உருக ஆரம்பிக்கும். இறக்கத்தில் கியரில் போகும்போது இறுகிப் பிடிக்கும். இஞ்சின் நின்றால் பின் சக்கரம் நிற்கும். ஈர ரோடு, மேகம், வளைவு, கூரையில்லாத வண்டி.

சின்னத்துரை கிளட்சை மிதித்துக் கியர் போட்டார். நான் அம்மாளுக்குக் குறுக்கே கையை நீட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டேன்.

சத்தம் நின்றதும் பெரியாறு ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன காரியம் பண்றீர்?" என்று சின்னத்துரை சீறினார்.

"ஒரு சின்ன சோலி பாக்கி இருக்குங்க. அம்மாவை எறக்கிக்கோங்க."

"இப்போதானேடா ஏத்தினே!" என்றார் அம்மாள்.

அண்ணாச்சியை ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முகம் கறுத்துவிட்டது. அவர் முடித்துக் கொடுத்த வண்டியின் சாவியை, பஜார் பார்க்க, நான் பிடுங்கியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, பூஜைக்கு அப்புறம் அந்த ஓட்டைகள ஊதினீங்களா?"

"பூஜைக்கு முன்னாலயே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பம்பு வச்சு ஒண்ணொண்ணா ஊதியாச்சு வே. பொறவு மேலோட்டமாத் தொடச்சேன். சாமி முன்னால இருந்து எடுத்தத மறுபடி கழுவுவாவளா? அதவிடச் சுத்தம் எங்க இருக்கு?"

அதுதான் நடந்தது. கெட்டிக்காரத்தனக் குறைவு இல்லை, சோம்பலும் இல்லை. எல்லாப் பட்டறையிலும் நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். துடைத்த துணி, வெளியே இருந்த சந்தனத்தையும் உள்ளே தள்ளியிருக்கும்.

"திறந்து பாத்துப்போடலாமுங்க அண்ணாச்சி."

"திறக்கலாம். ஓட்ட சுத்தமா இருந்துச்சுன்னா?" அவர் குரல் தாழ்ந்தது. "இருந்துச்சுன்னா நாளைக்கு அந்தப் போர்டுல ஒரு பேருதான் இருக்கும். அது ஓம்ம பேரு இல்ல."

எனக்கு நிச்சயமில்லை. அதுதான் கஷ்டம். எண்ணெய் அழுத்தமே சந்தனத்தைத் தள்ளி வெளியேற்றியிருக்கலாம். முள் அண்ணாச்சி சொன்ன காரணத்துக்காகவே நின்றிருக்கலாம். அப்படியானால் கூட்டும் போயிற்று, நட்பும் போயிற்று. வெளியே கம்பம் பக்கத்து வானம் மூடிக்கொண்டு வந்தது. அது தெரிந்தும், "திறங்க" என்றேன்.

வண்டியைப் பட்டறைக் குழிக்கு மேலே தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினோம். கொதிக்கிற எண்ணெயை வடித்தோம். இஞ்சினின் அடித்தொட்டியான சம்பைக் கழற்றினோம். அண்ணாச்சி முதல் ராடின் மூடியைத் தாமே திறந்து, விரலால் கழுத்தைத் துடைத்து, விளக்கைக் காட்டினார்.

ஓட்டை பளிச்சென்று திறந்திருந்தது. பேரிங் வெள்ளிபோல மின்னியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "அடுத்ததுங்க" என்றேன். அது எனக்கே கேட்டதோ என்னவோ.

இரண்டாவது மூடியின் நட்டுகள் வந்தன. மூடி வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது. மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். மூடி கழன்று விழுந்தது. அதோடு ஒரு வாசனை இறங்கியது. காய்ந்த எண்ணெயும் சந்தனமுமாக, கோவில் கர்ப்பக்கிரகத்தில் லாரியை நிறுத்திவைத்தது போல. பேரிங்கின் வெள்ளி முகம் நக்கி எடுத்த மாதிரி உருகி வழிந்திருந்தது. ஓட்டை இருந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு பொட்டு. அண்ணாச்சி கம்பியை விட்டுக் குத்தினார். சந்தனம் திரிதிரியாக வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

மூன்றாவதைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அப்போது குழி விளிம்பில் மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"என்னடா கெடைச்சுது? ஏதோ வாசனை வரதே? சந்தன வாசனை மாதிரின்னா இருக்கு!"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் அவர் மேல் பாதிப் பழிதான். பூஜையில் கைவைத்தது வாடிக்கைக்காரரின் தாயார். ஆனால் அந்த அம்மாள் அதன் பிறகு எந்தச் சாமிக்காவது மனசு நிறைந்து பொட்டு வைக்க முடியுமா? தன் கையால் வைத்த சந்தனம் தன் பிள்ளையைக் குமுளிப் பள்ளத்தில் இறக்கியிருக்கும் என்று தெரிந்த பிறகு? எப்போதும் பேசுகிறவன் நான்தான், அன்று பேசியது அவர்.

அண்ணாச்சி உள்ளங்கையை மூடிக்கொண்டு, ரோட்டில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா. பூஜையன்னிக்குச் சந்தனம் தொடச்ச துணிய நான் உள்ளயே மறந்து வச்சு மூடிட்டேன்."

இஞ்சினுக்குள் துணியை மறந்து மூடுகிற மெக்கானிக்! எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. ரோட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அடப்பாவி! வயத்துக்குள்ளே துணியை வெச்சுத் தைச்சுட்டியா! உனக்குக் கண்ணு எங்கேடா போச்சு? வேலை பண்றச்சே புத்தி எங்கே மேஞ்சுது?"

"தப்புதாம்மா" என்றார், ஒரு நட்டை இன்னொருவன் தொடுவதைப் பொறுக்காத அந்த மனிதர்.

சின்னத்துரை குழிக்குள் எட்டிப் பார்த்தார். கழன்று கிடந்த மூடியையும் அண்ணாச்சியின் மூடிய கையையும் பார்த்தார். படித்தவர், ஓட்டுகிறவர். அவருக்குப் புரிந்துவிட்டது. "போறும்மா, விடு. மனுஷா மறக்கறதுதான். பஸ்லே போயிக்கலாம்" என்று தாயாரின் தோளைப் பிடித்து அழைத்துப்போனார். அதன் பிறகும் தம் வண்டியை அவர் வேறு பட்டறைக்குக் கொண்டுபோனதில்லை.

போர்டைப் பற்றி அண்ணாச்சி மறுபடி பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பெயர்களும் அதிலேயே இருந்தன.

பம்பாயிலிருந்து மறுபடி பேரிங் வரவழைத்து மாட்டினோம். சூடான பிறகு முள் இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. அதற்குள் தேர் முடிந்திருந்தது. அடுத்த வருஷத்து ஆயுத பூஜைக்கு அம்மாள் மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அண்ணாச்சி அதற்கு முன்பே மரக் குச்சி செதுக்கி, பிரித்துப் போட்ட இஞ்சின்களின் எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தார். அம்மாளைக் காரின் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, "பொட்டு நெத்தியிலதானம்மா வைக்கணும்? இதுதான் வண்டிக்கு நெத்தி" என்று ரேடியேட்டரைக் காட்டினார். அம்மாளும் மனசு நிறைய வைத்தார். வைத்துவிட்டு, "இந்தத் தடவை துணியை எண்ணி வெச்சுக்கோ" என்றார். பஜார் மறுபடி சிரித்தது.

இதைப் படிக்கிற நீங்கள் அந்த முள்ளை மறக்காதீர்கள். அளவுக்கு மேல் நன்றாக இருக்கிற எதையும் இன்னொரு முறை பாருங்கள். வண்டியின் பக்கத்தில் நிற்பவர்கள் பேசுவதற்கும் காது கொடுங்கள். அன்றைக்கு இஞ்சின் உண்மையைச் சொல்லவில்லை, மீட்டர் சொல்லவில்லை, அந்த அம்மாள்தான் சொன்னார். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரக்கூடியது. குழிக்குள் அண்ணாச்சி செய்ததை எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவரும் இல்லை, அந்த அம்மாளும் இல்லை. அதனால் நடந்ததையாவது சொல்லிவைக்கிறேன்.

சில வருஷம் கழித்து ஊருக்குப் போன இடத்தில் கல்பாத்தித் தேர் பார்க்கப் போயிருந்தேன். என்ன தொழில், எந்த ஊர் என்று விசாரித்த ஒரு பெரியவர், வண்டிப்பெரியார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இஞ்சினுக்குள்ளே துணியை வெச்சு மூடினாளே, அந்த ஷெட்டா உங்களோடது? இந்தத் தெரு முழுக்கத் தெரியுமே!" என்று கேட்டார்.

மலைக்குத் திரும்பியதும் அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். அவர் ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தார்.

"நீரு என்ன சொன்னீரு?"

"ஆமாங்கன்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க."

வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கை ஒன்று வெளியே நீண்டது.

"சரி. அந்த ஸ்பானர எடும்."